ப்ளாட்ஸ்பேர்க்கில் கலியாண உடுப்பு, மொன்றியலில் மருந்து

2007 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை 6.40. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அடுக்குமாடி வாசலில் நின்று கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியிலிருந்து அந்தோனி அண்ணையும் மகள் மரீனாவும் இறங்கி வந்தார்கள். மரீனாவின் கையில் ஒரு சஞ்சிகைப் பக்கம். அண்ணையின் கையில் மூன்று கடவுச்சீட்டுகள், ஒரு றப்பர் பட்டி போட்டுக் கட்டியபடி. என்னுடையதையும் முதல்நாளே கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் மொன்றியலில் எல்லோரும் ஒரே கதையைத்தான் கதைத்தார்கள். கனடா டொலர் அமெரிக்க டொலரைத் தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக நடக்காத விசயம். ஆனால் எங்கள் கடைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. புத்தகங்களின் பின்னட்டையில் இரண்டு விலையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும்: அமெரிக்காவில் 24.95, கனடாவில் 32.95. முன்பு அதை யாரும் கவனித்ததில்லை. இப்போது காசாளரிடம் நீட்டி நியாயம் கேட்டார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே சனிக்கிழமைகளில் எங்கள் தேவாலயப் பங்கு ஆட்களில் பாதிப்பேர் எல்லை தாண்டினார்கள். நான் அதற்கு முன்னரே மூன்று தடவை போய் வந்தவள். வைத்தியசாலையில் நோயாளிகளைக் கழுவித் துடைத்துக் கவனிக்கும் வேலை எனக்கு. சப்பாத்து ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. அதை அங்கேதான் வாங்குவேன். அந்தோனி அண்ணை மட்டும் போனதில்லை. துறைமுகத்துக் களஞ்சியசாலையில் பதினெட்டு வருடமாகப் பாரம் ஏற்றி இறக்குகிறவர், மன்னார் ஆள், ஐம்பத்தெட்டு வயது, ஒரு டொலருக்குக்கூட விலை விசாரிக்காமல் வாங்காதவர். அப்படிப்பட்டவர், நூறு கிலோமீற்றர் தூரத்தில் எல்லாம் மலிவாகக் கிடக்க, இருபது வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்தத் தடவை மகளுக்காக வந்தார். மே மாதம் மரீனாவுக்குக் கலியாணம். சஞ்சிகைப் பக்கத்தில் இருந்த வெள்ளை உடுப்பு மொன்றியலில் 1,350 டொலர், வரி வேறு. அதே கொம்பனி, அதே இலக்கம், எல்லைக்கு அப்பால் ப்ளாட்ஸ்பேர்க்கில் 740. சிறுவர் காப்பகத்தில் வேலை செய்கிற மரீனா தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிப்படுத்தியிருந்தாள்.

7.15. சாம்பிளேன் பாலம் கடந்து பதினைந்தாம் இலக்க நெடுஞ்சாலை. அங்கிருந்து எல்லைக்கு அறுபது கிலோமீற்றர் அளவு. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோள வயல், வெளிறிய நிறத்தில். அண்ணை முன் இருக்கையில் கடவுச்சீட்டுகளின் றப்பர் பட்டியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"பயமே அண்ணை?" என்று கேட்டேன்.

"பயமில்லை தங்கச்சி. வெக்கம்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

1987 பெப்ரவரியில் அவர் நியூயோர்க்கில் வந்து இறங்கி, பஸ் எடுத்து, இதே எல்லைக்கு அகதியாக வந்திருக்கிறார். மனைவியும் நாலு வயது மரீனாவும் மன்னாரில். அவர் வந்த நேரம் விதி மாறியிருந்தது. உள்ளே விடாமல், விசாரணைக்கு ஒரு திகதி எழுதிக் கொடுத்து, அதுவரை அமெரிக்காவில் நில்லுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். கையில் நாற்பது டொலர். வெளியே மைனஸ் இருபது பாகைக் குளிர். ப்ளாட்ஸ்பேர்க்கில் ஒரு கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். எல் சல்வடோர் ஆட்கள், குவாத்தமாலா ஆட்கள், எங்கள் ஆட்கள் எட்டுப் பேர், எல்லோரும் நிலத்தில் வரிசையாகப் படுத்தார்கள். இருபத்துமூன்று நாள்.

"ஹெலன் எண்டு ஒரு மனிசி. வேலை முடிச்சு ஒவ்வொரு பின்னேரமும் வருவா. எங்களுக்கெண்டு சோறு காய்ச்சுவா. கஞ்சி மாதிரித்தான் இருக்கும். ஆனா காய்ச்சுவா. எனக்குச் சப்பாத்துக் கிழிஞ்சு போச்சு. தன்ர புருசன்ர பூட்ஸைக் கொண்டுவந்து, தானே குனிஞ்சு லேஸ் கட்டிவிட்டவ. எனக்கு அதுவரை பூட்ஸ் போடத் தெரியாது."

"பேந்து?"

"இருபத்திமூண்டாம் நாள் விடிய என்னை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போக வான் வந்திட்டுது. அவ வேலைக்குப் போட்டா. சொல்லாமல் வந்திட்டன். கடிதம் எழுதுவம் எண்டு நினைச்சன். இங்கிலீஸ் சரியா வராது, பேந்து எழுதுவம், வேலை கிடைச்சாப்பிறகு எழுதுவம், இவையளை இங்க கூப்பிட்டாப்பிறகு எழுதுவம்... இப்ப இருபது வருசம். எந்த முகத்தோட போறது?"

பின்னால் மரீனா பாட்டுக் கேட்கும் காதொலிப்பானைக் கழற்றியிருந்தாள். "அப்பா, நீங்கள் இதை எனக்குச் சொல்லவே இல்லையே," என்றாள்.

"கேட்டனீயே?" என்றார்.

8.05. அமெரிக்கச் சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் ஐம்பது கார் நின்றிருக்கும், எல்லாம் எங்கள் கியூபெக் மாகாணத்து இலக்கத் தகடு. முப்பத்தைந்து நிமிடம் ஊர்ந்தோம். மரீனா தகப்பனுக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள்: கேட்டால் உடுப்பு வாங்கப் போகிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு கதை வேண்டாம்.

சாவடியில் இளம் அதிகாரி ஒருவர் மூன்று கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்தார். எங்கே, எதற்கு, எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார். பிறகு அண்ணையைப் பார்த்து, இதற்கு முன் அமெரிக்காவுக்கு வந்ததுண்டா என்றார்.

"வந்திருக்கிறேன்," என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "1987இல். இருபத்துமூன்று நாள்."

மரீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். பிளாஸ்டிக் கதிரைகள், கொடி, ஒரு தண்ணீர் இயந்திரம். அண்ணையை மட்டும் கூப்பிட்டுக் கைரேகை எடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் போனது. திருப்பி அனுப்பினால் பரவாயில்லை, உடுப்பை வேறு நாள் வாங்கலாம். ஆனால் பழைய கோப்பு ஏதாவது கிடந்து, அதில் ஏதாவது எழுதியிருந்தால்? அவர் இப்போது கனடாக் குடிமகன் என்று தெரிந்தும் நான் அவர் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரீனா என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"ஏன் அப்பா உண்மையைச் சொன்னவர்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். அண்ணை திரும்பி வந்ததும் அவரிடமே கேட்டாள்.

"கேட்டவன், சொன்னன்," என்றார். "அந்த இருபத்திமூண்டு நாளையும் நான் ஒளிக்கேலாது."

9.50க்கு வயதான அதிகாரி ஒருவர் வெளியே வந்து கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தார். "அந்தக் குளிர்காலம் எனக்கு நினைவிருக்கிறது," என்றார். "நான் அப்போது வேலைக்குப் புதிது. நல்லபடியாகக் கடைக்குப் போய் வாருங்கள்." நாங்கள் காரில் ஏறினோம்.

எல்லையிலிருந்து ப்ளாட்ஸ்பேர்க் முப்பத்தைந்து கிலோமீற்றர். அங்கே மைல் கணக்கு. பலகை இருபத்திரண்டு என்று காட்டும். முதல் வேலையாகப் பெற்றோல் அடித்தேன். கலன் 3.15, அதாவது லீற்றர் 83 சதம். காலையில் எங்கள் தெருவில் 1.06. பக்கத்துக் கடையில் வெண்ணெய் ஒரு இறாத்தல் 2.49, எங்களூரில் நாலு டொலருக்குக் கிட்ட. பால் கலன் 3.29. அண்ணை ஒவ்வொரு விலையையும் சத்தமாக வாசித்தார், நம்பாத குரலில். கார் தரிப்பிடத்தில் பத்தில் எட்டுக் கார் கியூபெக்கிலிருந்து வந்தது. பணம் எடுக்கும் பெண், "பொன்ஜூர்" என்றாள், மிச்சக்காசைக் கொடுத்து "மெர்சி" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பிரெஞ்சு இருக்கவில்லை. இருந்த இரண்டு சொல்லையும் மனதாரச் சொன்னாள்.

11.00. கலியாண உடுப்புக் கடை. மரீனா உடுத்திக்கொண்டு வெளியே வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அண்ணை வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில், எல்லோருடைய கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எப்பிடி அப்பா?"

"நல்லாயிருக்கு," என்றார். உடனே விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். 740தான்.

கடைக்காரப் பெண் உடுப்பை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை மேசைக்குக் கிட்டப் போனார். செங்கல் கோயில் ஒன்று, ஆற்றுக்குப் பக்கத்தில், பின்னால் மண்டபம், மண்டபத்துக்குப் பச்சைக் கதவு என்று கையால் கட்டிக் காட்டினார். பெயர் அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. ஐந்து நிமிடம்தான், இரண்டாம் போக்குவரத்து விளக்கில் இடது பக்கம் திரும்பச் சொன்னாள்.

12.10. கதவு இப்போது மண்ணிறம். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்காக ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணை வாசலில் தொப்பியைக் கழற்றினார். ஹெலன் என்று ஒருவர் இருந்தார், எங்காவது இருக்கிறாரா என்று ஒருவரிடம் கேட்டார். அவர் சிரித்து, சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

எண்பது வயது மதிக்கத்தக்க, உயரமான, முதுகு கொஞ்சம் வளைந்த ஒரு பெண் கையைத் துடைத்தபடி வந்தார். அண்ணை சொல்ல நினைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. 1987, பெப்ரவரி, பூட்ஸ் என்று மூன்று சொல்தான் வந்தது. மிச்சத்தை மரீனா ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹெலன் அண்ணையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "இரவில் பாட்டுப் பாடினவர் நீங்களா?"

"இல்லை. அது சல்வடோர்க்காரர்."

"பல்வலியோடு வந்தவரா?"

"அவரும் இல்லை."

ஹெலனின் முகம் சிவந்துவிட்டது. "மன்னியுங்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு நினைவிருக்கிறது. உங்களை நினைவில்லை. நிறையப் பேர் வந்தீர்கள்."

எனக்கு அண்ணையைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இருபது வருடம் இந்த மனிசிக்கு முன்னால் நிற்க வெட்கப்பட்டவர். மனிசிக்கோ அவர் வராததும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஆனால் அண்ணையின் முகத்தில் ஏமாற்றத்தைக் காணவில்லை. தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர்போல் இருந்தார்.

"பரவாயில்லை," என்றார் தன் துறைமுகத்து ஆங்கிலத்தில். "எனக்கு நினைவிருக்கிறது. நன்றி சொல்லாமல் போனேன். அதற்குத்தான் வந்தேன். நன்றி." பிறகு மகளைக் காட்டினார். "அப்போது இவளுக்கு நாலு வயது. இன்றைக்குக் கலியாண உடுப்பு வாங்கினோம்."

ஹெலன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உடுப்பைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார். மரீனா காரிலிருந்து எடுத்துவந்து உறையை அரைவாசி திறந்தாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள்.

எங்களுக்குச் சமையலறையில் சூப்பும் பாணும் தந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஹெலன் பையிலிருந்து ஒரு சிறு டப்பியை எடுத்து மாத்திரை போட்டார். அரை மாத்திரை. டப்பிக்குள் எல்லாம் அரை அரையாகக் கிடந்தன. அந்த நிறத்தையும் வடிவத்தையும் நான் தினமும் வைத்தியசாலையில் காண்கிறேன். இருதயக் குழாயில் கம்பிச்சுருள் வைத்தவர்களுக்கு, இரத்தம் கட்டிவிடாமல் இருக்கக் கொடுப்பது. அதை யாரும் பாதியாகக் கொடுப்பதில்லை.

வைத்தியர் அப்படியா சொன்னார் என்று கேட்டேன். ஹெலன் மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். வருடத்தின் கடைசியில் அவருடைய மருந்துக் காப்புறுதி ஒரு அளவோடு நின்றுவிடும். ஜனவரியில்தான் திரும்பத் தொடங்கும். அதுவரை மாதம் 142 டொலர் கையிலிருந்து போக வேண்டும். "ஜனவரி தூரமில்லை," என்றார்.

திரும்பி வரும்போது அண்ணை பெற்றோல் விலை, பால் விலை ஒன்றும் வாசிக்கவில்லை. எங்கள் சுங்கச் சாவடியில் உடுப்பு, வெண்ணெய், என் சப்பாத்து எல்லாவற்றையும் சொன்னோம். ஒரே நாளில் போய் வருகிறவர்களுக்கு வரிவிலக்கு இல்லை. உடுப்புக்குத் தீர்வை, அதன்மேல் இரண்டு வரி, ஏறக்குறைய 250 டொலர். அப்படியும் நானூறுக்கு மேல் மிச்சம். அண்ணை மறுபேச்சில்லாமல் கட்டினார். காரில் ஏறியதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் குளிசை எங்கட பக்கம் என்ன விலை?"

திங்கட்கிழமை வைத்தியசாலைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் விசாரித்தேன். மூன்று மாதத்துக்கு 236 டொலர். அங்கே அதே அளவு 426. வெளிநாட்டு மருந்துச்சீட்டுச் செல்லாது. இங்கே ஒரு வைத்தியர் ஆளை நேரில் பார்த்து எழுத வேண்டும். மூன்று மாத அளவு சொந்தப் பாவனைக்குக் கொண்டுபோகிற முதியவர்களை எல்லையில் தடுப்பதில்லை என்றும், அமெரிக்காவின் வெர்மொன்றிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள் என்றும் மருந்தாளர் சொன்னார். விலை பார்த்துத் தெற்கே ஓடுகிற எங்களுக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு வரிசை வடக்கே வந்துகொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

ஹெலன் முதலில் மறுத்தார். வீண் சிரமம் என்றார். அண்ணை தொலைபேசியை மரீனாவிடம் கொடுத்தார். அவள் காப்பகத்தில் நாலு வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பழகியவள். பத்து நிமிடத்தில் சம்மதிக்க வைத்துவிட்டாள்.

டிசம்பர், முதலாம் சனிக்கிழமை. இந்தத் தடவை அண்ணையே கார் ஓட்டினார். நான் துணைக்கு. 9.30க்கு ஹெலனை வீட்டு வாசலில் ஏற்றினோம். பிறப்புச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், பழைய மருந்துச்சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். மொன்றியலுக்கு அவர் கடைசியாக வந்து பதினைந்து வருடமாம். "ஒரு மணித்தியாலத் தூரம். வர ஒரு காரணமும் கிடைக்கவில்லை," என்றார்.

11.15. கோட்-டெ-நெய்ஜில் ஒரு சிறு மருத்துவ நிலையம். கட்டணம் 60 டொலர். அதை அண்ணை கட்டப் போக, ஹெலன் அவருடைய கையைத் தட்டிவிட்டுத் தானே கட்டினார். வைத்தியர் ஒரு இளம் பெண். நெஞ்சைச் சோதித்தார், சீட்டுகளை வாசித்தார். அரை மாத்திரைக் கதையைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இனி ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஹெலன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

மருந்துக்கடையில் விலையைச் சொன்னதும் ஹெலன் நம்பவில்லை. மூன்று மாதத்துக்கா, ஒரு மாதத்துக்கா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வெளியே வந்து, மெற்றோ வாசலில் போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குளிராக இருக்கிறது, காருக்குள் ஏறுங்கள் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும்," என்றார்.

1.30. அண்ணை வீட்டில் சாப்பாடு. அவருடைய மனைவி றோசலின் அக்கா விளைமீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய் என்று காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறா. ஹெலனுக்காக உறைப்பைக் குறைத்திருந்தா. ஹெலன் அப்படியும் கண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிட்டார். சோற்றை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது ஒன்றோடொன்று ஒட்டவில்லையே. எப்படி?" என்றார்.

"தண்ணியைக் குறைக்கோணும்," என்றா அக்கா தமிழில். மரீனா மொழிபெயர்த்தாள்.

"யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்," என்றார் ஹெலன்.

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தோம்.

3.00க்குப் புறப்பட்டோம். எல்லையில் ஹெலன் மருந்துப் பையைத் தானே எடுத்துக் காட்டினார். அதிகாரி பார்த்து, திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார். வீட்டு வாசலில் இறங்கியபோது, ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று உள்ளே போய், இரண்டு கண்ணாடிப் போத்தல்களோடு வந்தார். தன் மரத்து அப்பிளில் தானே காய்ச்சிய ஜாம். மார்ச் மாதம் அடுத்த மருந்துக்கு வருவதாகவும், மே மாதம் கலியாணத்துக்கு வருவதாகவும் சொன்னார். அண்ணை பிரதான வீதிக்கு வரும்வரை பின்கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நத்தார் நெருங்கும் நாள். கடைத்தொகுதி வாசலில் கியூபெக் கார்கள் வீதிவரை நின்றன. நாங்கள் நிறுத்தவில்லை.

5.10. லக்கோல், எங்கள் சுங்கச் சாவடி. மெல்லப் பனி தூறத் தொடங்கியிருந்தது. என்ன வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"ஒன்றும் இல்லை," என்றார் அண்ணை.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிசம்பர்ச் சனிக்கிழமை, ப்ளாட்ஸ்பேர்க்குக்குப் போய், ஒன்றுமே வாங்காமலா? குனிந்து உள்ளே பார்த்தார். என் மடியில் இரண்டு போத்தல்.

"அது பரிசு," என்றார் அண்ணை. "அப்பிள் ஜாம். வீட்டில் செய்தது."

"என்ன பெறுமதி?"

அண்ணை என்னைப் பார்த்தார். பின்னால் கார்கள் வரிசையாக நின்றன. அதிகாரி காத்துக்கொண்டிருந்தார்.

"ஐந்து டொலர்," என்றார் அண்ணை.

அதிகாரி கையசைத்துப் போகச் சொன்னார்.

நெடுஞ்சாலையில் துடைப்பான் போய் வரும் சத்தம் மட்டும் கேட்டது. வயல்கள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன. நேப்பியர்வீலுக்குத் திரும்பும் வழியைத் தாண்டினோம். அண்ணை ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"குறைச்சுச் சொல்லிப்போட்டன், தங்கச்சி," என்றார்.